பருப்புத் தண்ணீரில் பருப்பு எங்கே?

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். தங்கை மகளுக்குத் துணையாக அப்படியொரு புதன்கிழமை போய், திண்டுக்கல் பக்கம் ஒரு நிலையத்தின் வேப்பமரத்தடியில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் மாத ஊசிக்காக வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஊசிக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எடைக் கருவிக்குப் பக்கத்தில் நின்ற தாய்மார்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே புகாரைத்தான் சொன்னார்கள்: "சாப்பிடவே மாட்டேங்குறா சிஸ்டர்."

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். பதிலே சொல்லாமல் ஒரு பெண்ணிடம், "நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன குடுத்த, வரிசையாச் சொல்லு" என்றார். அந்தப் பெண் யோசித்து யோசித்துச் சொன்னாள். காலையில் பாலில் நனைத்த பிஸ்கட் இரண்டு. பத்து மணிக்குப் பாதி இட்லி, அதுவும் பாலில் கரைத்தது. மதியம் பருப்புத் தண்ணியில் பிசைந்த சோறு நாலு வாய். சாயங்காலம் ஒரு பாட்டில் பசும்பால். ராத்திரி இன்னொரு பாட்டில். இடையிடையே தாய்ப்பால். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்த நர்ஸ் கடைசியில் சொன்னார்: "பிள்ளை நல்லாத்தாம்மா சாப்பிடுறா. நீதான் இன்னும் சாப்பாடு குடுக்கல."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு முன் நானும் என் மகனுக்கு அதே பருப்புத் தண்ணீரைத்தான் சங்கில் ஊற்றிக் கொடுத்தேன், பெருமையாக. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பிள்ளைச் சாப்பாட்டைப் பற்றி வீடுகளில் எழும் கவலைகளைக் கொட்டி அலசிப் பார்த்தால், நாம் கவலைப்படுகிற இடத்தில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிரச்சினை இருக்கிற இடத்தில் யாரும் கவலைப்படுவதில்லை.

முதல் கவலை, எப்போது தொடங்குவது என்பது. இதில் மருத்துவர்களே ஒருகாலத்தில் வழவழவென்று பேசியவர்கள்தான். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்று சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றி, முழுதாக ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவு, கூடவே இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது 2001இல். நம் வழக்கம் வேறு கணக்கில் போகிறது. சோறூட்டும் சடங்கு ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை மாதம், பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம். அதனால் பெண் குழந்தைக்கு ஐந்திலேயே குலதெய்வம் கோயிலில் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டு வைத்துவிடுகிறார்கள். ஒரு விரல் நுனிப் பொங்கலால் குடி முழுகிவிடாது. ஆனால் 'சோறூட்டியாச்சே' என்று மறுநாளிலிருந்து கஞ்சியை ஆரம்பிக்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. பெண்ணுக்கு ஏழாம் மாதமும் ஒற்றைப்படைதான் என்பது ஏனோ யாருக்கும் நினைவு வருவதில்லை.

உண்மையில் சீக்கிரம் தொடங்குவதைவிட, தள்ளிப்போடுவதுதான் பெரிய குறை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகளில் தாய்ப்பாலோடு திட, அரைத்திட உணவும் பெறுகிறவர்கள் 45.9 சதவீதம். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இன்னும் பாலிலேயே காலம் தள்ளுகிறார்கள். 'பல்லு வரட்டும்', 'செரிக்காது', 'மாந்தம் வந்துடும்' என்று சொல்லிச் சொல்லி மாதங்கள் ஓடிவிடுகின்றன. பல்லுக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை. ஈறாலேயே இட்லியை மசித்துவிடும் பிள்ளை. தலை நிற்கிறதா, பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறதா, நாம் சாப்பிடும்போது நம் கையையே பார்த்து எட்டிப் பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் நாள் ஊட்டியதை நாக்கால் வெளியே தள்ளிவிட்டது, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மனம் உடைகிறவர்கள் நிறைய. வாய்க்குள் வந்த எதையும் நாக்கு முன்னால் தள்ளுவது பிறவியிலேயே உள்ள ஓர் அனிச்சைச் செயல். பால் குடிக்கிற காலத்தில் அது பாதுகாப்பு. நாலு மாதத்துக்கு மேல் மெல்ல மங்கி, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிந்தி மறைகிறது. அது உணவை மறுப்பது அல்ல. நாக்கு புது வேலை படிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சொல்லையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். பால் மறக்கடிப்பது வேறு, சோறு பழக்குவது வேறு. நம் ஊரில் மறக்கடிப்பதென்றால் மார்பில் வேப்பெண்ணெய் தடவுவது வரை போகும். சோறு தொடங்கியதும் பாலைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துச் சில பெண்கள் அவசரப்படுகிறார்கள். முதல் வயது முழுக்கப் பாலும் சோறும் ஒன்றுக்கொன்று துணை.

இனி பருப்புத் தண்ணீர். இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சம் அதிகமாகவே தங்கப்போகிற இடம் இதுதான்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு, பாலுக்கு மேல் உணவிலிருந்து ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. ஒன்பது முதல் பதினொன்றாம் மாதத்தில் 300. ஒரு வயது தாண்டினால் 550. கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் வயிறு எவ்வளவு? எடையில் கிலோவுக்கு 30 கிராம் என்பது பொதுவான கணக்கு. ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் கொள்ளாது. அந்தச் சின்ன வயிற்றை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி உண்டு. பருப்பு வெந்த தண்ணீரை இறுத்து ஊற்றினால் அதன் பக்கத்தில்கூட வராது. பருப்பு சட்டியின் அடியிலேயே தங்கிவிடுகிறது, அதை நாம் சாம்பாருக்கு எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைக்குப் போவது மஞ்சள் நிறமும் வாசனையும். நல்ல பாலை இறக்கிவிட்டு மட்டமான திரவத்தை ஏற்றுகிறோம். வயிறு நிறைந்த பிள்ளை அடுத்த வேளைக்கு வாயைத் திறக்காது. 'சாப்பிடவே மாட்டேங்குறா' என்ற புகார் அங்கே பிறக்கிறது.

சோறு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த நர்ஸ் காட்டிய சோதனை எளிமையானது. ஒரு பாட்டியின் டப்பாவிலிருந்த கேழ்வரகுக் கூழை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தார். தாரையாக ஓடியது. "ஓடுனா அது குடிக்கிறது. ஸ்பூன்ல நிக்கணும், சாய்ச்சா மெதுவா நழுவணும். அதுதான் சாப்பாடு" என்றார். பாட்டிக்கு ஒப்பவில்லை. "தொண்டையில அடைச்சுக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. மாவுக் கூழுக்கு ஒரு குணம் உண்டு. மாவைக் கூட்டினால் பசை மாதிரி இறுகும், பிள்ளையால் விழுங்க முடியாது. தண்ணீரைக் கூட்டினால் இறங்கும், சத்து போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் நம் அம்மாக்கள் காலங்காலமாகத் தண்ணீரின் பக்கம் சாய்ந்தார்கள்.

இதற்கு வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. முளைகட்டிய தானியம். கேழ்வரகையோ கோதுமையையோ ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்ட பின் உலர்த்தி, லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால், அந்த மாவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி நிறைந்திருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் இந்தப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினால் கண்ணெதிரே இளகும். கொதிக்கிற கூழில் போட்டால் நொதி செத்துவிடும் என்பதால்தான் ஆற விடுவது. இளகிய பிறகு ஒரு கொதி காட்டி இறக்கிக்கொள்ளலாம். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேராமல் இளகுவதுதான் வித்தை. பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980களில் கோதுமையை வைத்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே முளைகட்டிய ராகி நம் வீடுகளில் இருந்தது. எதற்காக முளைகட்டுகிறோம் என்பதைத்தான் மறந்து, 'குளிர்ச்சி' என்று சொல்லிக்கொண்டோம். இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. குழைய வடித்த சோற்றில் பருப்பையே, தண்ணீரை அல்ல, போட்டு மசித்து ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுவது. அந்த ஒரு ஸ்பூனில் ஏறத்தாழ 45 கலோரி.

யாரும் கவலைப்படாத இன்னொரு விஷயம் இரும்புச்சத்து. பிள்ளை வயிற்றிலிருந்தபோது அம்மாவிடமிருந்து சேமித்து வைத்த இரும்பு ஆறு மாதத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும், ஆனால் அளவு மிகக் குறைவு. பசும்பாலிலும் குறைவு, அது ஒட்டுவதும் குறைவு. பாட்டில் பாட்டிலாகப் பசும்பால் கொடுத்து வளர்க்கிற பிள்ளை கொழுக்மொழுக்கென்று இருக்கும், உள்ளே வெளிறியிருக்கும். மேலே சொன்ன அதே ஆய்வில், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தசோகை இந்திய அளவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4. முந்தைய சுற்றைவிட நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. பாட்டியின் கவலைப் பட்டியலில் இது இல்லை. ரத்தசோகை கண்ணுக்குத் தெரியாது, அழாது. பசியைக் கொன்றுவிடும். அதனால் பிள்ளை சாப்பிடாது, இன்னும் ரத்தம் குறையும்.

கேழ்வரகில் இரும்பு கொட்டிக்கிடக்கிறது என்பது பாதி உண்மை. கொட்டிக்கிடப்பது சுண்ணாம்புச்சத்து. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். இரும்பு நாலைந்து மில்லிகிராம் இருந்தாலும், தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடும். முளைகட்டினால் பிடி கொஞ்சம் தளரும். எலுமிச்சையோ தக்காளியோ சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். கறி சாப்பிடுகிற வீட்டுக்கு நேர்வழி ஈரல். அதைவிட, ரத்தம் குறைந்தவர்களுக்கு நம் கசாப்புக்கடைக்காரர்களே எடுத்து வைத்துத் தருகிற சுவரொட்டி, அதாவது மண்ணீரல். ஈரலை மிஞ்சிய இரும்பு அதில். நன்றாக வேகவைத்து, மிளகாய் போடாமல் மைய மசித்துச் சோற்றோடு ஒரு விரல் அளவு கொடுத்தால் போதும். ஈரல் தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும். 'கறி எப்படிச் செரிக்கும்' என்கிற வீட்டில் அதே பிள்ளைக்கு மைதா பிஸ்கட் தாராளமாகச் செரிக்கிறது. ஆறு மாதத்திலிருந்தே முட்டை, மீன், இறைச்சி தரலாம், தர வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும்.

சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மருந்து இலவசம். வாரம் இருமுறை 1 மில்லி. வாங்கிப் போகிறார்கள், மூன்றாம் வாரம் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால், மலம் கறுப்பாகப் போகிறதாம். ஒட்டாத இரும்பு வெளியேறும்போது கறுக்கத்தான் செய்யும். பாட்டிலைக் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ பாட்டில் பரணுக்குப் போகாது.

சரி, மருந்தும் சாப்பாடும் சரியாகவே இருக்கின்றன, அப்போதும் பிள்ளை மறுக்கிறது. அப்போது?

எட்டு ஒன்பது மாதத்தில் பசி குறைந்த மாதிரித் தெரிவது இயற்கை. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகிறது, மும்மடங்காக ஒரு வயது ஆகிவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 30 கிராம் போல ஏறிய பிள்ளை ஒரு வயதை நெருங்கும்போது நாளுக்குப் பத்துக் கிராம்தான் ஏறும். வேகம் குறைந்தால் தேவையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். நம் மனமோ ஆறாம் மாத வேகத்திலேயே நிற்கிறது. அதனால் வாயைத் திறக்க வைப்பதற்குப் படாதபாடு படுகிறோம். போனில் பாட்டு, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், மூக்கை மூடி ஒரு வாய். முன்னே நிலாவைக் காட்டி ஊட்டினோம், இப்போது போனைக் காட்டுகிறோம், என்ன வித்தியாசம் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நிலாவைக் காட்டும்போது பிள்ளை நம் இடுப்பில் இருந்தது, நாம் பேசினோம், அதன் வாயைப் பார்த்தோம், போதும் என்றால் தெரிந்தது. போன் முன்னால் பிள்ளைக்கே அது தெரிவதில்லை.

பிள்ளைக்குத் தன் அளவு தெரியுமா? 1920களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். பால் மறந்த பிள்ளைகளின் முன்னே பதப்படுத்தாத, சர்க்கரை சேர்க்காத உணவுகளைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்தார். மொத்தம் 34 வகை. எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் ஊட்டலாம், வற்புறுத்தக் கூடாது. முதலில் மூன்று பிள்ளைகள், பிறகு சிகாகோவில் பதினைந்து பேர், சிலர் ஆண்டுக்கணக்கில். ஒரு நாள் முட்டையாகத் தின்றார்கள், மறுநாள் தொடவில்லை. ஆனால் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வலுவிழந்து வந்த ஒரு பிள்ளை மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து, குணமான பிறகு விட்டுவிட்டது. இதைக் கேட்டு 'பிள்ளை இஷ்டம்' என்று விட்டுவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டில் பிஸ்கட் இல்லை. என்ன வைப்பது என்பது டேவிஸின் முடிவு, எவ்வளவு என்பது மட்டும் பிள்ளையுடையது. நம் வீடுகளில் தலைகீழாக நடக்கிறது.

புதுச் சுவையை ஒரு தடவை துப்பினால் 'பிடிக்கல' என்று முத்திரை குத்திவிடுகிறோம். எட்டுப் பத்துத் தடவை நாக்கில் பட்டபின்தான் பல பிள்ளைகளுக்குப் பழகும். அம்மா சாப்பிட்டதன் வாசனை தாய்ப்பால் வழியாகவே போய்விடுகிறது என்பதும் நிரூபணமானது. கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள் பின்னால் கேரட் கலந்த கூழைச் சுளிக்காமல் சாப்பிட்டதை ஜூலி மென்னெல்லா 2001இல் எழுதினார். பிள்ளைபெற்றவளை ரசமும் சோறுமாகவே வைத்திருக்கிற பத்தியம், பிள்ளையின் நாக்குக்கும் பத்தியம்தான்.

தொக்கம் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மன்னிக்க மாட்டார்கள். பிள்ளை சாப்பிடாமல் சிணுங்கினால், தின்றது உள்ளே சிக்கியிருக்கிறது, தொக்கம் விழுந்திருக்கிறது என்று சொல்லி எடுக்கிறவரிடம் தூக்கிப்போவார்கள். வயிற்றைத் தடவியோ வாயால் ஊதியோ உறிஞ்சியோ, ஒரு துணுக்கை எடுத்துக் கையில் காட்டுவார். துணுக்கைப் பார்த்ததும் தாய்க்கு நிம்மதி, இரண்டு நாளில் பிள்ளைக்குப் பசியும் வரும். எப்படியும் வந்திருக்கும். அப்படி இரைப்பையில் எதுவும் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. நிஜமாகவே தொண்டையில் ஏதாவது சிக்கினால் தொக்கக்காரரிடம் போக நேரமும் இருக்காது.

அந்த பயத்தையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஓங்கரித்து, முகம் சிவந்து, இருமித் துப்புகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் தொண்டை தன் வேலையைச் செய்கிறது, தலையில் தட்டாமல் விட்டுவிடலாம். சத்தமே வராமல், இருமவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. பிள்ளையைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தல். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு இவையெல்லாம் பிள்ளை கைக்கு எட்டாமல் இருந்தால் இந்தப் பாடமே தேவைப்படாது.

கடலை என்றதும் ஒவ்வாமை நினைவுக்கு வரும். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் மூன்று வயது வரை கடலை வேண்டாம் என்றார்கள், 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். 2015இல் லண்டனில் 640 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு மொத்தத்தையும் புரட்டிப்போட்டது. தொடக்கப் பரிசோதனையில் கடலை ஒவ்வாமை தென்படாத பிள்ளைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை. சீக்கிரமே சாப்பிட்டவர்களில் 1.9. தள்ளிப்போட்டது காப்பாற்றவில்லை, கெடுத்தது. கடலையை நைசாக அரைத்துக் கூழில் கலந்தால் போதும். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளையென்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சோறு தொடங்கியதும் மலம் இறுகுவது, நிறம் மாறுவது சாதாரணம். கொதித்து ஆறிய தண்ணீர் நாலு மடக்கு, மசித்த பழம், கீரை போதும். பல் முளைப்பதால் பேதி வராது. பல் முளைக்கிற வயதில்தான் பிள்ளை தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கிறது, பேதி அங்கிருந்து வருகிறது. பேதியின்போது சோற்றை நிறுத்திப் பார்லி அரிசிக் கஞ்சித் தண்ணீருக்கு இறங்குவது மறுபடியும் பருப்புத் தண்ணீர் கதைதான். உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் ஒருபக்கம், வழக்கமான சாப்பாடு மறுபக்கம். தேன் ஒரு வயது வரை கூடாது, பிறந்ததும் நாக்கில் சேனை வைப்பதற்கும்கூட. அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் விதைத்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்தால் நரம்பைத் தளர்த்திவிடும். உப்பும் சர்க்கரையும் முதல் வருடம் தேவையில்லை. கருப்பட்டியும் சர்க்கரைதான், நம் ஊர்ச் சர்க்கரை. டப்பா உணவு வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கட்டும். பிள்ளைகளின் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1992இலிருந்து இருக்கிறது, 2003இல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவுக்கும் அது நீட்டப்பட்டது. விளம்பரம் போய்விட்டது. 'அந்த டப்பாதான் சத்து' என்ற நம்பிக்கை போகவில்லை.

ஒல்லியாக இருக்கிறாளே என்ற கவலைக்குத் தராசைவிட நல்ல பதில் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அளவுகோல் ஆகாது. இதைத் தமிழ்நாடு வெகுமுன்பே கண்டுகொண்டது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான கிராமத்துப் பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்தது. எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளையைத் தேடிப்பிடித்து அதற்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தது, குறைந்தது 90 நாள். பிள்ளை குண்டா ஒல்லியா என்று அது பார்க்கவில்லை, போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்றுதான் பார்த்தது. அந்தக் கேள்விதான் இன்றைக்கும் தாய் சேய் அட்டையில் கோடாக ஓடுகிறது. கோடு படுத்தாலோ இறங்கினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, ஒவ்வொரு வாய்க்கும் இருமித் திணறினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை வாய் கணக்கெல்லாம் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் பிள்ளையை நர்ஸ் தொட்டிலில் வைத்தார். 7.4 கிலோ. அட்டையில் புள்ளி வைத்து, "பச்சைக்குள்ளதான் இருக்கா, பாரு" என்று காட்டினார். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அப்ப இன்னைக்கு மதியத்துக்கு என்ன சிஸ்டர் குடுக்கட்டும்?"

"வீட்ல என்ன ஆக்கி வச்சிட்டு வந்த?"

"முருங்கைக்கீரைப் பருப்பு. அத்தை தாளிக்கணும்னு சொன்னாங்க."

"போன் போடு அத்தைக்கு. தாளிக்கிறதுக்கு முன்னாடி, உப்பு காரம் போடாம, பருப்போட சேர்த்து ஒரு கை எடுத்து வைக்கச் சொல்லு."

பிள்ளை ஊசிக்கு முன்னாலேயே அழத் தொடங்கிவிட்டது. அவள் ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே மறுகையால் எண்ணை அழுத்தினாள்.